நிலாவரை இலையும் என் அண்ணன் பேத்தியின் வேலையும்

பொங்கல் விடுமுறைக்கு என் அண்ணன் பேத்தி சென்னையிலிருந்து வந்திருந்தாள். மருந்தியல் படித்தவள். ஒரு மருந்துக் கம்பெனியில் ‘மெடிக்கல் அஃபேர்ஸ்’ என்ற பிரிவில் வேலை பார்க்கிறாள். பையைத் தூக்கிக்கொண்டு டாக்டர் அறை வாசலில் காத்திருக்கும் ரெப்பு வேலைதானே என்று கேட்டுவிட்டேன். அவளுக்குச் சுருக்கென்று வந்துவிட்டது.

“அது சேல்ஸ், சின்னத் தாத்தா. நான் மருந்து விற்கிறதில்லை. டாக்டர்கள்கிட்டப் போய்க் கேட்கிறேன். மருந்து கொடுத்த பிறகு என்ன ஆச்சு, நோயாளி ஏன் பாதியில நிறுத்தினார், புத்தகத்துல இல்லாத ஏதாவது பார்த்தீங்களான்னு. அதைச் சேர்த்துக் கம்பெனிக்குச் சொல்றதுதான் வேலை. ‘ஃபீல்ட் இன்சைட்’னு பேரு.”

இது புது வேலை இல்லையம்மா, இந்தக் கரையில் முத்துக்கே செய்திருக்கிறார்கள் என்றேன். தூத்துக்குடியில் முத்துச் சலாபம் நடந்த காலத்தில் அரசாங்கம் நினைத்த நாளில் குளிப்பை அறிவித்துவிடாது. முதலில் ஆட்களை அனுப்பிப் பாரைச் சோதிப்பார்கள். குளியாளிகள் இறங்கிச் சிப்பிகளை மாதிரிக்கு எடுத்து வருவார்கள். அவற்றை அழுகவிட்டுக் கழுவி, கிடைத்த முத்தை வியாபாரம் தெரிந்தவர்களைக் கொண்டு மதிப்பிட்டு, ஆயிரம் சிப்பிக்கு இவ்வளவு தேறும் என்று கணக்குப் போடுவார்கள். தேறாது என்றால் அந்த வருஷம் சலாபம் கிடையாது. கரையில் உட்கார்ந்து உத்தரவு போடுகிறவருக்குக் கடலுக்கடியில் இருப்பதைச் சொல்ல மூச்சடக்கி இறங்குகிறவன்தான் வேண்டும். இங்கே கடைசிச் சலாபம் 1961-இல் முடிந்தது. அதன் பிறகு பிறந்த பிள்ளைகளுக்குத் தொள்ளாயிரம் பார் என்றால் ஏதோ மதுக்கடை என்று தோன்றக்கூடும்.

“அது முத்து, தாத்தா. மருந்துக்கு அப்படி ஏதாவது உண்டா?”

உண்டு. அதுவும் நம் துறைமுகத்திலேயே கப்பல் ஏறிய மருந்து.

இந்த ஊருக்கு மாற்றலாகி வந்த புதிதில் என் மேசைக்கு வந்த ஏற்றுமதிக் காகிதங்களில் ‘டின்னவெல்லி சென்னா’ என்று அடிக்கடி இருக்கும். எனக்குப் புரியவில்லை. பக்கத்து மேசைக்காரர் “அதுதான் சார் நிலாவரை, வயித்தைக் கழுவுற இலை” என்றார். அடுத்த நிமிஷம் என் பள்ளிக்கூடம் ஞாபகம் வந்தது. காரைக்காலில் பிரெஞ்சில் படித்தவன் நான். பிரெஞ்சில் இதற்கு ‘செனே’ என்று பெயர். என் அம்மா மாதம் ஒரு முறை ராத்திரி அந்தக் கஷாயத்தை மூக்கைப் பிடித்து ஊற்றிவிடுவாள். மறுநாள் பள்ளிக்கூடம் கிடையாது. இருந்தும் அந்த விடுமுறையை நாங்கள் யாரும் விரும்பியதில்லை.

உலக மருந்துக் கடைகளில் இந்த இலை வெகுகாலம் எகிப்துச் சரக்காகத்தான் இருந்தது. சூடானில் விளைந்து அலெக்சாந்திரியா வழியாக ஐரோப்பாவுக்குப் போகும். தானாக முளைத்த செடியில் பறித்த இலை, அதில் ‘ஆர்கெல்’ என்ற வேறொரு செடியின் இலையும் கலந்து வரும். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாளையங்கோட்டைப் பக்கம் ஹியூஸ் என்ற வெள்ளைக்காரர் இதைப் பயிராக்கி, கையால் பறித்து, சுத்தமாகக் காயவைத்து அனுப்பினார். இலை பெரிது, முறியாதது, கலப்பில்லாதது. லண்டனில் மதிப்புக் கிடைத்தது. பிரிட்டிஷ் மருந்து நூலில் அலெக்சாந்திரியாவுக்குப் பக்கத்தில் திருநெல்வேலியும் உட்கார்ந்துகொண்டது. கப்பல் ஏறியது தூத்துக்குடியில், பேர் திருநெல்வேலிக்கு. அல்வாவும் அவர்களுக்கே, இலையும் அவர்களுக்கே!

இலை போனது சரி. இலையைப் பற்றிய செய்தி எப்படிப் போனது என்பதுதான் பேத்திக்கு நான் சொல்ல வந்த விஷயம்.

கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் பிரிவில் மருத்துவராக இருந்த ஒயிட்லா ஐன்ஸ்லி 1813-இல் சென்னையில் ஒரு மருந்துப் பொருள் நூலை வெளியிட்டார். பிறகு 1826-இல் அதைப் பெருக்கி ‘மெட்டீரியா இண்டிகா’ என்று லண்டனில் இரண்டு பாகமாகக் கொண்டுவந்தார். தமிழ் வைத்தியர்கள் எதை எதற்குக் கொடுக்கிறார்கள், எவ்வளவு கொடுக்கிறார்கள் என்பதைக் குறித்துக்கொண்டு, தமிழில் என்ன பேர், தெலுங்கில் என்ன, தக்கணியில் என்ன என்று வரிசையாக எழுதினார். எல்லாவற்றையும் அவர் ஏற்றுக்கொள்ளவில்லை, சிலவற்றை மறுத்தார். ஆனால் கேட்டார், கேட்டதை எழுதினார். அந்தக் காலத்துக் கம்பெனி உத்தியோகஸ்தருக்கு அது சாதாரணமில்லை.

1868-இல் இந்தியாவுக்கென்று தனி மருந்து நூல் வந்தது. தொகுத்தவர் எட்வர்ட் வேரிங், திருவிதாங்கூரில் மருத்துவராக இருந்தவர். பல ஊர் மருத்துவர்களின் அனுபவக் குறிப்புகளைச் சேர்த்தே செய்தார். ஆனால் எழுதி வைத்த மருந்தைக் கடையில் வாங்கப் போனால்தான் சங்கடம். ஒரே பேருக்கு இரண்டு பொருள், ஒரே பொருளுக்கு ஏழு பேர். நிலாவரையையே பாருங்கள். நம் பக்கத்தில் பலர் இதை ‘அவுரி’ என்கிறார்கள். சித்த மருத்துவ நூலில் அவுரி என்றால் நீலச் சாயம் எடுக்கும் செடி. பேரை நம்பி வாங்கினால் வேறு செடி கைக்கு வரும்.

இந்தச் சிக்கலில் கைவைத்தவர் சென்னை திருவல்லிக்கேணி மருந்தகத்தில் இருந்த மொஹிதீன் ஷெரீப். ஆங்கிலத்தில் மூடின் ஷெரீப் என்று எழுதுவார்கள். 1869-இல் அந்த மருந்து நூலுக்கு ஒரு பின்னிணைப்பு வெளியிட்டார். அதில் பெரும்பகுதி, ஒவ்வொரு பொருளுக்கும் இந்திய மொழிகளில் வழங்கும் பேர்களைச் சரிபார்த்துச் சொல்லும் பட்டியல்தான். பெரிய கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லையே என்று தோன்றும். கடைக்காரன் சொல்லும் பேருக்கும் டாக்டர் எழுதும் பேருக்கும் நடுவில் விழுந்து செத்தவர்கள் எத்தனை பேர் என்று யார் எண்ணினார்கள்? லண்டனில் உட்கார்ந்து அந்தப் பட்டியலைச் செய்திருக்க முடியாது.

ஒரு விஷயம் மட்டும் ஆதியிலிருந்து எல்லாருக்கும் தெரிந்திருந்தது. ராத்திரி குடித்தால் காலையில்தான் வேலை செய்யும். விளக்கெண்ணெய் போல உடனே அல்ல. இலையைவிடக் காய் சாது, வயிற்றை அவ்வளவு முறுக்காது. பாட்டிமார்கள் சொன்ன இதற்குக் காரணம் மட்டும் யாருக்கும் தெரியாது. ரசாயனக்காரர்கள் இலையிலிருந்து பலதைப் பிரித்தார்கள், பிரித்தது எதுவும் முழு இலை செய்த வேலையைச் செய்யவில்லை. 1941-இல் சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் சாண்டோஸ் கம்பெனியின் ஆர்தர் ஸ்டோல் குழு ‘சென்னோசைடு’ ஏ, பி என்ற இரண்டைப் பிரித்தெடுத்தது. இது குடலில் பெருங்குடல் வரை அப்படியே போய், அங்குள்ள கிருமிகள் உடைத்த பிறகுதான் வேலை செய்கிறது என்பது பிற்பாடு தெளிந்தது. அதற்கு எட்டு, பத்து மணி நேரம் ஆகும். பாட்டியின் ராத்திரிக் கணக்கு சரி.

இங்கே பேத்தியிடம் ஒரு பிரெஞ்சுப் பழமொழி சொன்னேன். ‘நீ எனக்கு ருபார்ப் கொடு, நான் உனக்கு செனே கொடுக்கிறேன்.’ ருபார்ப்பும் பேதி மருந்துதான். இரண்டு வைத்தியர்கள், ஒருவர் மருந்தை மற்றவர் குறை சொல்லாமல் ஒத்துப்போவது போல, நீ என்னைக் கண்டுகொள்ளாதே, நான் உன்னைக் கண்டுகொள்ள மாட்டேன் என்று பொருள். டாக்டரிடம் கம்பெனி போய்க் கேட்பதும் அப்படி ஆகிவிடாதா என்று கேட்டேன். அதற்காகத்தான் விற்பனைப் பிரிவையும் தன் பிரிவையும் தனியாக வைத்திருக்கிறார்கள் என்றாள். டாக்டர்களுக்குப் பரிசுப் பொருள் கொடுக்கக் கூடாது என்று 2024 மார்ச்சில் மத்திய அரசு விதிமுறை வெளியிட்டிருப்பதையும் சொன்னாள். நல்லதுதான். என் சந்தேகம் முழுதும் தீரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஏனென்றால் களத்திலிருந்து செய்தி வருவது எப்படி என்று நான் முப்பது வருஷத்துக்கு மேல் பார்த்தவன். மாதாந்திர அறிக்கை கேட்போம். கீழே இருந்து ‘இன்மை’ என்று வரும். அதாவது சொல்ல ஒன்றுமில்லை. ஏதாவது இருக்கிறது என்று எழுதினால் மேலிருந்து நாலு கேள்வி வரும், அதற்கு விளக்கம் எழுத வேண்டும், அதனால் இன்மை. நாங்களும் எல்லா இன்மையையும் கூட்டி, மொத்தம் இன்மை என்று மேலே அனுப்பிக் கோப்பை மூடுவோம். கேட்கிறவனுக்குக் கெட்ட செய்தி பிடிக்காது என்று தெரிந்தால் நல்ல செய்திதான் வரும்.

இதைத் தாண்டிப் போனவர்கள் 1956-இல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆராய்ச்சி மையத்தினர். வாலஸ் ஃபாக்ஸ் தலைமை. சானடோரியத்தில் சேர்க்காமல் வீட்டிலேயே மாத்திரை கொடுத்தால் குணமாகுமா என்பது கேள்வி. 193 ஏழை நோயாளிகளை இரண்டாகப் பிரித்தார்கள். வீட்டில் இருந்தவர்களை ‘மாத்திரை சாப்பிட்டீர்களா’ என்று கேட்டதோடு விடவில்லை. சொல்லாமல் வீட்டுக்குப் போய் மீதி மாத்திரையை எண்ணினார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள். குடிசையில் இருந்தவர்களும் சானடோரியத்தில் இருந்தவர்களுக்குக் கிட்டத்தட்ட சமமாகவே குணமானார்கள், வீட்டாருக்கும் நோய் அதிகமாகத் தொற்றவில்லை என்று 1959-இல் வெளியிட்டார்கள். கூடவே, ஆமாம் என்று சொல்கிறவர் எல்லாம் விழுங்குவதில்லை என்பதையும் மறைக்காமல் எழுதினார்கள். அதிலிருந்துதான், வாரம் இரண்டு முறை கண் முன்னால் மருந்து கொடுக்கும் முறையைச் சோதித்துப் பார்த்தார்கள். சானடோரியத்தில் இடம் கிடைக்காத எத்தனையோ பேருக்கு அது உயிர்.

இவ்வளவையும் கேட்டுவிட்டு அவள், “எங்க தாத்தாவும் நிலாவரை சாப்பிடுவாராமே” என்றாள்.

அதுவரை நான் அதைச் சொல்லவில்லை. அண்ணனுக்கு இதயத்தில் கோளாறு. நீர் பிரியும் மாத்திரையும் டிகாக்சினும் எடுத்துக்கொண்டிருந்தார். மலச்சிக்கலுக்கு நாட்டு மருந்துக் கடையில் நிலாவரைப் பொடி வாங்கித் தினம் ஒரு கரண்டி. ஒரு நாள் இரண்டு நாளுக்கு இல்லை, மூன்று வருஷம். மூலிகைதானே, நம் ஊர் இலைதானே என்று. ஒரு நாள் கால் துவண்டு விழுந்தார், நாடி தாறுமாறாக ஓடியது. மருத்துவமனையில் மூன்று நாள் வைத்திருந்தார்கள். பொட்டாசியம் இறங்கியிருக்கிறது என்று ஏற்றினார்கள், ஆனால் ஏன் இறங்கியது என்று பெரியவர்கள் யாரும் கேட்கவில்லை. நான்காம் நாள் ராத்திரி வந்த ஒரு இளம் நர்ஸ்தான் மதினியிடம், “வேற ஏதாவது சாப்பிடுவாரா அம்மா? கடையில வாங்கினது, யாரும் எழுதித் தராதது?” என்று கேட்டாள். மதினி பைக்குள்ளிருந்து பொடி டப்பாவை எடுத்து நீட்டினாள். ஆஸ்பத்திரியிலும் அண்ணன் அதை விடவில்லை.

தினமும் பேதி மருந்து எடுத்தால் பொட்டாசியம் வெளியேறும். நீர் மாத்திரையும் சிலருக்கு அதையே செய்யும். பொட்டாசியம் குறைந்த உடம்பில் டிகாக்சின் நஞ்சு போல வேலை செய்யும். இலையின் மேல் குற்றமில்லை. புற்றுநோய் வலிக்கு மார்ஃபின் எடுப்பவர்களின் மலச்சிக்கலுக்கு இதே சென்னாவை உலக சுகாதார நிறுவனம் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் வைத்திருக்கிறது. டாக்டருக்குத் தெரிந்து எடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

அண்ணன் பிழைத்து இன்னும் ஆறு வருஷம் இருந்தார். பேத்தி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “இதை யாராவது எங்கேயாவது ரிப்போர்ட் பண்ணினாங்களா?” என்று கேட்டாள். இல்லை. நானும் பண்ணவில்லை. இன்மை.

மருந்தால் வந்த கெடுதலைப் பதிவு செய்ய 2010-இலிருந்து மத்திய அரசின் திட்டம் ஒன்று இருக்கிறதாம். காசியாபாத்தில் உள்ள இந்திய மருந்து நூல் ஆணையம் நடத்துகிறது. டாக்டர்தான் எழுத வேண்டும் என்றில்லை, நோயாளியோ வீட்டாரோ சொல்லலாம். மூலிகை மருந்தானாலும் சொல்லலாம். படிவத்தில் மருந்தின் பேர், எவ்வளவு நாள் எடுத்தார், கூட என்னென்ன எடுத்தார், என்ன ஆயிற்று என்று கேட்கிறார்கள். இத்தனை வருஷம் கழித்து எழுதுவதில் பிரயோஜனம் உண்டா என்றேன். அவள் பதில் சொல்லாமல் மதினியிடம் போய் அந்தக் கடை எந்தத் தெருவில் என்று விசாரித்துக்கொண்டிருந்தாள்.

கட்டணமில்லாத தொலைபேசி எண் 1800-180-3024. வேலை நாட்களில் பகலில் எடுப்பார்கள்.