வெளிவாசல் விளக்கும் சுவர் ஆளியும்

இங்கிலாந்தின் வடக்கே நோதம்பர்லாந்திலே கிராக்சைட் என்னும் மாளிகையொன்று உண்டு. அதன் உரிமையாளர் பொறியியலாளரான சேர் வில்லியம் ஆம்ஸ்ற்றோங். 1880 ஆம் ஆண்டின் இறுதியில் அவர் ஜோசப் சுவான் ஆக்கிய மின்குமிழ்களைத் தம் இல்லத்திலே பொருத்தினார். ஏறத்தாழ 1,500 யார் தொலைவில் நீர்வலுவால் இயங்கிய ஆறு குதிரைவலுப் பொறி அவற்றுக்கு மின்னூட்டிற்று.

விளக்கு வந்துவிட்டது, அதனை அணைக்கும் வழியோ இன்னும் செவ்வையாக அமையவில்லை. நூலகத்திலே செப்புச் சாடிகளின் தலையில் விளக்குகள் நின்றன. சாடியின் அடியிலிருந்து நீண்ட கம்பிமுனை, பீடத்திலிருந்த பாதரசக் கிண்ணத்திலே தோய்ந்தது. சாடியைத் தூக்கினால் விளக்கு அணையும்; திரும்ப வைத்தால் எரியும். வீட்டிலிருந்த விளக்குகள் 45. ஓர் அறையின் மின்னோட்டத்தை நிறுத்தி மற்றோர் அறைக்கு மாற்ற முடிந்ததால், ஒரே வேளையில் எரிய வேண்டியவை 37க்கு மேற்படவில்லை. வீட்டு விளக்குகளைப் பங்கிட்டு ஆளும் கலை அங்கே அரும்பிவிட்டது.

சுவிச்சு என்று எல்லோரும் வழங்கும் ஆளிக்கு அக்காலத்திலே ஒரு பெருங்குறை இருந்தது. நேரோட்ட மின்னை மெல்லத் துண்டித்தால், பிரியும் உலோக முனைகளுக்கிடையே நெருப்புப்பொறி வில்லாக நீண்டு எரியும். முனைகள் கருகும், அருகிலுள்ள மரமும் பற்றும். மின்விளக்கால் விளையும் தீயைத் தடுக்க 1882 இலேயே இலண்டனிலிருந்த தந்திப் பொறியியலாளர், மின்னியலாளர் சங்கம் விதிகள் வகுத்து வெளியிட்டது. ஈராண்டுகள் கழித்து, 1884 இலே, நியூகாசில் நகரத்து ஜோன் ஹென்றி ஹோம்ஸ் விற்சுருளின் விசையாலே முனைகளைக் கணத்திலே பிரிக்கும் ஆளியைச் செய்தார். கை எவ்வளவு மெதுவாக அசைந்தாலும் சுருள் தன் வேகத்திலேயே தாவும். சுவரிலே கேட்கும் அந்தச் சிறு 'டிக்' ஓசைக்குப் பொருள் இதுதான்.

வீடுகள்தோறும் மின் பரவியபோது செம்புக் கம்பியைச் சிக்கனப்படுத்தும் வழக்கமொன்றும் பரவிற்று. மின்னைக் கொணரும் உயிர்க்கம்பியும், அதனைத் திருப்பிச் செலுத்தும் நொதுமற்கம்பியும் முகட்டின் வழியே விளக்கிலிருந்து விளக்குக்குச் சென்றன. ஆளிக்கு இறங்கியவை இரண்டே: உயிர்க்கம்பி இறங்கும் கிளை ஒன்று, விளக்குக்கு மீளும் கிளை மற்றொன்று. நொதுமற்கம்பி சுவருக்கு வருவதேயில்லை. பிரித்தானிய வழக்கப்படி மின்னிணைப்புப் பெற்ற இலங்கையின் பழைய வீடுகள் பலவற்றிலும் இதுவே முறை.

வெளிவாசலுக்கு ஒரு விளக்கு வேண்டுமென்று பிற்காலத்தில் எண்ணியவர் இடர்ப்பட்டது இங்கேதான். கதவருகே ஆளி இருக்கிறது. சுவரைத் துளைத்தால் வாசல். பக்கத்திலே மற்றோர் ஆளியை வைத்து உயிர்க்கம்பியைப் பகிர்வதும் எளிது. ஆனால் பெட்டியைத் திறந்தால் இரு கம்பிகள்தாம். மின் திரும்பிச் செல்ல வழியில்லை. பொறுமையற்றவர் சிலர் புவிக்கம்பியையே அதற்குப் பயன்படுத்தினர். விளக்கு எரியும், அதனால் வேலை சரியென்றே தோன்றும். எங்கேனும் அப்புவிக்கம்பி அறுந்தாலோ, அதனோடு தொடுத்த விளக்குத் தூணும் உலோகக் கூடும் மின்னேறி நிற்கும். மழையிலே வெறுங்காலோடு அவற்றைத் தொடுபவர் யார் என்பதைத்தான் அவர்கள் எண்ணவில்லை. மின்கசிவைக் கண்டவுடன் துண்டிக்கும் ட்ரிப் சுவிச்சு உள்ள வீட்டிலே இச்சூழ்ச்சி பலிக்காது. விளக்கை ஏற்றியதுமே வீடு முழுவதும் இருளும்.

வேறு சிலர் அயலறையின் நொதுமலைக் கடன்வாங்கினர். அது இன்னும் வஞ்சகமானது. வாசல் விளக்கின் உருகியைக் கழற்றிவிட்டோமென்று நம்பி வேலை செய்பவர் அக்கம்பியைப் பிரித்தால், அயலறை விளக்கின் ஊடாக வரும் மின் அவர் கையிலே பாயும்.

நேரிய வழி சற்று நெடியது. முகட்டின்மேல் ஏறி, அதே சுற்றின் நொதுமலை விளக்குப் பெட்டியிலிருந்து எடுத்து, உயிர்க்கம்பியோடும் புவிக்கம்பியோடும் ஒருங்கே வாசலுக்குக் கொண்டுசெல்ல வேண்டும். ஓட்டைப் பிரித்து, தூசியும் வௌவால் எச்சமும் பட்டு, தேர்ந்த மின்வினைஞர் ஒருவர் அரைநாள் செய்யும் வேலை அது.