பிறையில் வேலை செய்தவர் எப்போது பிறைக்காரர் ஆகிறார்?

பினாங்கின் பெருநிலத்தில் உள்ள பிறை தொழிற்பேட்டையில், ஷிப்ட் முடியும் நேரத்தில் நின்று பாருங்கள். மலாய், தமிழ், நேப்பாளி, வங்காளம், பர்மியம் எல்லாம் காதில் விழும். இவர்களில் யார் 'நம்ம ஊரு ஆளு'? வேலை ஒருவரை ஓர் ஊருக்கு அழைத்து வரும், சரி. அந்த ஊரை அவருக்குச் சொந்தமாக்குவது எது? குடியேற்றத்தை ஆராய்பவர்கள் கேட்பது இதைத்தான்.

நம் தாத்தா பாட்டி காலத்துக்கும் முன்னே போவோம். 19ஆம் நூற்றாண்டில் செபராங் பிறையின் கரும்புத் தோட்டங்களுக்குத் தமிழர்கள் சஞ்சிக்கூலிகளாக வந்தார்கள். ஒப்பந்தம் முடியும்வரை முதலாளியை விட்டு நகர முடியாது. மலாயாவில் அந்த முறை 1910இல் ஒழிந்தது. கங்காணி முறையில் சொந்தக்காரர்கள், ஊர்க்காரர்கள் என்று கூட்டமாக வந்தார்கள். குடும்பம் வந்தது, கோயில் வந்தது, தமிழ்ப்பள்ளி வந்தது. பட்டர்வொர்த் நிலையம் வருமுன் பினாங்குக்கான ரயில் பிறையில்தான் நிற்கும். அந்தத் தண்டவாளத்தில் உழைத்தவர்களிலும் தமிழர்களே அதிகம்.

இந்த வரலாற்றைக் கெர்னியல் சிங் சந்து 1969இல் விரிவாக எழுதினார். தோட்டத் தொழிலாளர், தொழிற்சங்கம் பற்றி 1994இல் நூல் எழுதிய பேராசிரியர் பி. இராமசாமி, பின்னாளில் (2008 முதல் 2023 வரை) இதே பிறையின் சட்டமன்ற உறுப்பினராக இருந்தார். ஆய்வாளருக்கு இப்படி ஒரு தொகுதி அமைவது அபூர்வம்!

ஆனால் கோயிலும் பள்ளியும் மட்டும் போதவில்லை, காகிதமும் வேண்டியிருந்தது. 1957 மெர்டேக்கா நாள் முதல் 1962 வரை இங்கே பிறந்தவர்கள் பிறப்பாலேயே குடிமக்கள். அதற்கு முன் பிறந்த பலர் மனுப் போட வேண்டும். தோட்டப்புறத்தில் பலர் போடவில்லை. 'இங்கதானே இருக்கோம், எதுக்கு?' என்று இருந்துவிட்டார்கள். 1969இல் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயமானது. சுமார் 60 ஆயிரம் இந்தியர்கள் கப்பலேறினார்கள். தங்கியவர்களில் பலர் சிவப்பு ஐசியோடு காலம் தள்ளினார்கள்.

இப்போது தொழிற்சாலை வாசலில் நிற்கும் நேப்பாளித் தொழிலாளியைப் பாருங்கள். அவருடைய பெர்மிட்டும் ஒரு முதலாளியோடு கட்டப்பட்டது. நினைத்தபடி வேறு கம்பெனிக்குப் போக முடியாது. சஞ்சிக்கூலி காலம் ஞாபகம் வருகிறதா? இரண்டும் ஒன்றல்ல, இவருக்குத் தொழிலாளர் சட்டம் உண்டு, கைபேசி உண்டு. ஆனால் நம் முன்னோருக்குக் கிடைத்த ஒன்று இவருக்கு இல்லை: மனைவி பிள்ளைகளை அழைத்து வரும் அனுமதி. பத்து வருஷம் பிறையில் உழைத்தாலும், பெர்மிட் முடிந்தால் அவர் விமானம் ஏற வேண்டியதுதான்.