தகரப் பெட்டியும் வாழைமர நோட்டும்

பழந்தமிழர் பேழை என்றனர். நாம் பெட்டி என்கிறோம். மலாயாத் தோட்டப்புறத்தில் அது தகரத்தாலானது; கட்டிலுக்கடியிற் கிடப்பது. ஏட்டில் ஏறாத நம்மவர் வரலாற்றில் ஒரு பகுதி அதனுள் கிடந்தது என்பது மிகையன்று.

இப்பெட்டிகளுட் பல கப்பலேறி வந்தவை. 1926இல் கட்டப்பெற்ற ‘ரஜூலா’ சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஆளேற்றிக்கொண்டு பினாங்கு, சுவெட்டன்காம் துறைமுகம், சிங்கப்பூர் எனச் சென்றுவந்தது. 1972க்குப்பின் கிள்ளான் துறைமுகம் எனப் பெயர் பெற்றது அந்தச் சுவெட்டன்காமே. தளத்துப் பயணிக்குப் பெட்டியே இருக்கை, பெட்டியே தலையணை. என் பாட்டியார் 1937இல், பன்னிரண்டு வயதில், பெற்றோருடன் அங்கு வந்திறங்கினார். மறு ஆண்டே தோட்ட வேலைக்கு ஆளனுப்புவதை இந்திய அரசு தடுத்துவிட்டது.

அவருடைய பெட்டியில் ஒரு பித்தளைச் செம்பும், மரஞ்சீவும் கத்தியும், இரண்டு பத்து வெள்ளி நோட்டுகளும் இருந்தன. நோட்டுகள் ஜப்பானியர் அச்சிட்டவை. வாழைமரப் படம் பொறித்தவை. அக்காலத்து நோட்டுகள் பெரும்பாலானவற்றில் வரிசை எண்ணே கிடையாது. ‘எம்’ என்று தொடங்கும் எழுத்துகள் மட்டுமே உண்டு. எண்ணின்றி அச்சடித்துக் குவித்தமையால் விலைவாசி விண்ணையெட்டியது. 1945இல் ஜப்பான் சரணடைந்ததும் அவை வெறுந்தாள்களாயின.

1943இல் பாட்டியாரின் தந்தையைச் சயாம் ரயில்பாதைக்குக் கொண்டுசென்றனர். லாரியில் ஏறுமுன் அவர் மகளிடம் கொடுத்தவை அந்நோட்டுகள். 415 கிலோமீட்டர் நீண்ட அப்பாதைக்கு மலாயாவிலிருந்து சென்றோர் 70,000க்கும் மேற்பட்டவர். அவருட் பெரும்பாலோர் தோட்டத் தமிழர். மாண்ட போர்க்கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் உள்ளன. நம்மவர்க்கு அத்தகைய பெயர்வரிசை இல்லை. பாட்டியாரின் தந்தையும் திரும்பவில்லை.

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியிலிருந்து விடுமுறைக்கு வந்த நான், படித்தவன் என்ற மிதப்பில், “பாட்டி, இது செல்லாத காசு, குப்பையில் போடலாம்” என்றேன்.

“செல்லாதுன்னு எனக்குத் தெரியாதாய்யா? எங்கப்பன் கடைசியா எங் கையில வச்சது” என்றார். அதன்பின் அன்று முழுதும் என்னோடு பேசவில்லை. சயாம் ரயில்பாதை பற்றி நான் முதன்முதலாகத் தேடிப் படித்தது அவ்விடுமுறையில்தான்.

என் சிற்றன்னையார் மணமாகிப் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்புக்குச் சென்றபொழுதே பாட்டியார் அப்பெட்டியை அவருக்குச் சீராகக் கொடுத்துவிட்டார். நோட்டுகளை மட்டும் எடுத்து முருகன் படச் சட்டத்தின் பின்னே செருகிக்கொண்டார். சிற்றப்பா ஓய்வுபெற்று அக்குடும்பம் அடுக்குமாடி வீட்டுக்குப் பெயர்ந்தபொழுது, இடமில்லையென்று பெட்டி பழைய இரும்புக்காரரிடம் போயிற்று. தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்பு நிலங்களானபொழுதும் இவ்வாறு போன பெட்டிகள் எத்தனையோ!

இவ்வாண்டு ஆறாம் வகுப்பில் அந்நோட்டுகளைக் காட்டினேன். “இப்ப வித்தா எவ்வளவு கிடைக்கும் சார்?” என்றான் ஒரு மாணவன். சினம் வரவில்லை, அவன் வயதினும் மூத்தவனாயிருந்து நான் கேட்டதைவிட அது நல்ல கேள்வி. மறுநாள் அவனே தன் கொள்ளுப்பாட்டியின் சிவப்பு அடையாளக் கார்டை நெகிழித் தாளிற் சுற்றிக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தான்.