மறைமொழியும் மட்டக்களப்புக் கடலும்



மட்டக்களப்பு வாவிக் கரையிலே அமைந்துள்ள எங்கள் பாடசாலையில் மாணவர் சிலர், மறைமொழி அவிழ்க்கும் போட்டியொன்றுக்கு ஆயத்தமாகி வருகின்றனர். கலைப் பட்டதாரியாகிய நான் கணிதத்தில் வல்லவனல்லன். ஆயினும் முதற் பாடத்தை நானே நடத்தினேன். அதை நன்னூலிலிருந்து தொடங்கினேன்.

பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்பர்; யானைப்பாகர் ஆடையைக் ‘காரை’ என்பர். ஒரு கூட்டத்தார் தமக்குள் மட்டும் விளங்குமாறு வழங்கும் இத்தகைய சொல்லை இலக்கண நூலார் குழூஉக்குறி என்றனர். மறைமொழிக் கலையின் வித்து இதுவே. அவ்வித்து மரமாக வளர்ந்து, ஒருகால் நம் கடலின் மீதும் நிழல் வீழ்த்தியது. அவ்வரலாற்றையே இன்று கூற விழைகின்றேன்.

இரண்டாம் உலகப் போரில் யப்பானியக் கடற்படையின் தலையாய மறைமொழி இரு பூட்டுகள் உடையது. முதற் பூட்டு குழூஉக்குறி போன்றது. ஒவ்வொரு சொல்லுக்கும் ஐந்து இலக்க எண்ணொன்று குறியேட்டிலே இருக்கும். இரண்டாம் பூட்டு கணக்கு. அவ்வெண்ணோடு வேறோர் ஏட்டிலுள்ள எண்ணைக் கூட்டி அனுப்புவர். கூட்டும்போது பத்தைத் தாண்டினாலும் அடுத்த இடத்துக்கு எதையும் கொண்டு செல்வதில்லை. கையிலே பென்சில் உள்ள நேயர்கள் 48213 உடன் 76901 ஐ இம்முறையிற் கூட்டிப் பாருங்கள், 14114 வரும்.

இதிலே ஒரு வியப்பு உண்டு. குறியேட்டின் எண்கள் யாவும் மூன்றால் மீதியின்றி வகுபடுவன. அனுப்பும்போது ஓர் இலக்கம் பிழைத்தால் பெறுபவர் கண்டுகொள்ளட்டும் என்று வைத்த காவல் அது. அக்காவலே காட்டிக் கொடுத்தது. மறைமொழியை அவிழ்ப்போர் தாம் ஊகித்த எண்ணைக் கழித்துப் பார்ப்பர். விடைகள் மீண்டும் மீண்டும் மூன்றால் வகுபட்டால், ஊகம் சரியென்று தெளிவர். 1939 இல் இங்கிலாந்தில் ஜோன் ரில்ற்மன் என்பார் இம்மறைமொழியின் அமைப்பை முதன்முதல் கண்டறிந்தார்.

சிங்கப்பூரில் இருந்த பிரித்தானிய மறைமொழிக் குழு, யப்பானியர் நெருங்கவே, 1942 சனவரியிற் கொழும்புக்கு வந்தது. அவர்கள் வேலை செய்த இடம் பெம்புரோக் கல்லூரி என்னும் பாடசாலைக் கட்டடம். மார்ச் இறுதியில் அவர்கள் அவிழ்த்த செய்திகளிலே தாக்கப்படும் இடத்தின் பெயர் குறியெழுத்தாக மட்டுமே இருந்தது. பின்னர் ஒரு செய்தியில் யப்பானியரே அதை எழுத்தெழுத்தாகக் ‘கோ-ரோ-ன்-போ’ என்று தந்துவிட்டனர் என, அங்கே பணியாற்றியோர் பிற்காலத்தில் நினைவுகூர்ந்துள்ளனர்.

தாக்குதல் ஏப்பிரல் 1 ஆம் நாளளவில் நிகழுமென எதிர்பார்த்து, கடற்படைத் தலைவர் சோமவில் தம் கப்பல்களுடன் இலங்கைக்குத் தெற்கே காத்திருந்தார். பகைவர் வரவில்லை. 2 ஆம் நாள் இரவு அவர் மாலைதீவின் அட்டு பவளத்தீவுக்குத் திரும்பினார். சில கப்பல்களைக் கொழும்புக்கும் திருகோணமலைக்கும் அனுப்பினார். பகைவர் சில நாள் பிந்தி வந்தனர். ஏப்பிரல் 5 ஆம் நாள், உயிர்த்த ஞாயிறன்று, கொழும்பின் மீது குண்டுகள் வீழ்ந்தன. 9 ஆம் நாள் திருகோணமலை தாக்கப்பட்டது.

அதற்கு முந்திய இரவே, எச்சரிக்கை பெற்று, விமானந்தாங்கிக் கப்பலாகிய ஹேர்மிஸ் திருகோணமலையை விட்டுத் தெற்கே புறப்பட்டிருந்தது. அதில் ஒரு விமானமேனும் இருக்கவில்லை. காலையில் மட்டக்களப்புக்கு அப்பால் யப்பானிய வேவு விமானம் அதைக் கண்டு செய்தி அனுப்பியது. அச்செய்தியையும் பிரித்தானியர் ஒட்டுக்கேட்டனர். விரைந்து திரும்புமாறு கப்பலுக்குக் கட்டளையும் இட்டனர். ஆனால் காக்க வந்த விமானங்கள் பிந்தியே வந்தன. ஹேர்மிஸ் 307 பேருடன் மூழ்கியது. துணைவந்த அவுஸ்திரேலியக் கப்பலாகிய வம்பயரும் மூழ்கியது. தப்பியோரைப் பெரும்பாலும் வீற்றா என்னும் மருத்துவக் கப்பல் மீட்டது.

மறைமொழிக் குழு அம்மாதமே ஆபிரிக்கக் கரையிலுள்ள மொம்பாசாவின் கிலிண்டினிக்குப் பெயர்ந்தது. அங்கும் அவர்களுக்கு இடந்தந்தது ஒரு பாடசாலையே. 1943 இல் அவர்கள் மீண்டும் கொழும்புக்கு வந்தனர்.

இவ்வரலாற்றைக் கேட்ட மாணவன் ஒருவன் எழுந்தான். “சேர், அவங்கள் கண்டுபிடிச்சது சரிதானே? பிறகு ஏன் கப்பல் தாண்டது?” என்று கேட்டான். அவன் மீன்பிடிக் குடும்பத்துப் பிள்ளை. கடலுக்குப் போனவர் திரும்பும் வரை கரையில் நிற்பது இன்னதென அறிந்தவன். நான் சிறிது நேரம் பேசாதிருந்தேன்.

போட்டியில் விடை சரியாயின் புள்ளி கிடைக்கும். அத்துடன் அது முடியும். அன்றைய கொழும்பிலோ விடை சரியாகவே இருந்தது; ஆனால் பகைவரின் நாள் தள்ளிப்போயிற்று. மட்டக்களப்புக் கடலிலே செய்தியும் சரியாகவே இருந்தது, உதவி பிந்திற்று. அறிந்துகொள்வது பாதி வேலை. அறிந்தது உரியவரிடம் உரிய வேளையிற் சேர்ந்து செயலாவது மறுபாதி. அம்மறுபாதிக்கு எந்த ஏட்டிலும் திறவுகோல் இல்லை. இதையே அவனுக்குக் கூறினேன்.

மறுவாரம் மாணவரைக் கல்லடிக் கடற்கரைக்கு அழைத்துச் சென்றேன். அந்தக் கப்பல் இன்றும் அக்கடலின் அடியிலே கிடக்கின்றது. கிழக்கே நோக்கிச் சிறிது நேரம் மௌனமாக நின்றோம். பின்பு மணலில் அமர்ந்து, மூன்றால் வகுபடும் எண்களைத் தேடத் தொடங்கினோம்.