கோணிப்பையும் குற்றப்பதிவேடும்

சென்னையில் விடியுமுன் கோணிப்பையோடு குப்பைத்தொட்டியைக் கிளறும் பையனைப் பார்த்ததும் நம் வாயில் வரும் சொல்: 'திருட்டுப் பய'. இச்சொல்லுக்குப் பின்னால் சட்டத்தின் வரலாறும் இருக்கிறது. 1920இன் சென்னைக் குழந்தைகள் சட்டம், ஆதரவற்ற சிறுவனையும் குற்றம் செய்த சிறுவனையும் ஒரே கூரைக்குள் கொண்டுவந்தது. 1986இன் சிறார் நீதிச் சட்டம் 'புறக்கணிக்கப்பட்டவர்', 'குற்றமிழைத்தவர்' எனப் பெயரைப் பிரித்தது. இருவரையும் தெருவில் பிடிக்கிற அதிகாரம் போலீசிடம் இருந்தது.

பழைய பேப்பரை நாம எடைக்குப் போட்டா சிக்கனம், அவன் பொறுக்கினா திருட்டா? ஓர் இரும்புத்துண்டு எங்கிருந்து வந்தது என்ற கேள்வி காயலான்கடை முதலாளியை எட்டுமுன் பையனின் முதுகில் விழுந்துவிடும். நகரத்தின் மறுசுழற்சி இந்த முதுகின்மேல்தான் நடந்தது.

2016இன் திடக்கழிவு மேலாண்மை விதிகள் குப்பை பொறுக்குபவர்களைப் பதிவு செய்யச் சொல்லின. சிறுவனைப் பதிந்தால் சிறார் உழைப்பை ஒப்புக்கொண்டதாகும். பதியாவிட்டால் அவன் பெயர் இருக்கிற ஒரே ஏடு காவல்நிலையத்தில்.