ஆலை: ஓசையில் பிறந்த சொல்

‘உழைப்பாளியின் கோயில் என்பதால் ஆலயம் ஆலையாயிற்று’ என்று மேடைகளில் முழங்குகிறார்கள், கைதட்டலும் கிடைக்கிறது. ஈற்றில் நின்ற ‘யம்’ எந்த நூலில் எப்போது உதிர்ந்தது என்று கேட்டால் விடையில்லை. சாலையின் சகரம் கெட்டு ஆலை வந்தது என்பது இன்னொரு சாரார் கட்சி. சாலை இன்றும் சாலையாகவே நிற்கிறது. கரும்பு பிழியும் இடத்தில் மட்டும் சகரம் ஏன் கெட வேண்டும்?

ஆலை என்பது தொழிற்கூடங்களுக்குப் பொதுப்பெயரானது பஞ்சாலையும் நூற்பாலையும் எழுந்த பின்னர்தான். அதற்கு முன் ஆலை என்றாலே கரும்பாலை, அடைமொழி வேண்டியதில்லை. ‘ஆலை இல்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை’ என்ற பழமொழி ஒன்றே போதும். பட்டினப்பாலையில் ஆலைத் தீயின் வெம்மையால் நெய்தற்பூ வாடுகிறது. பெரும்பாணாற்றுப்படை பொறியின் ஓயாத இரைச்சலையும் ஆலையின் புகையையும் அடுத்தடுத்து வைக்கிறது. ஐங்குறுநூற்றில் கரும்பின் எந்திரம் களிற்றுக்கு எதிராகப் பிளிறுகிறது. புறநானூற்று 322-ஆம் பாட்டில் அந்த ஒலி கேட்டு வாளைமீன் துள்ளுகிறது. பட்டினப்பாலை நீங்கலாக, மற்ற மூன்றிலும் புலவர் காது ஓசையின்மேல்தான்.

‘ஆலுதல்’ என்றால் ஒலித்தல், ஆடுதல். மயில் ஆலும். வில் என்னும் வேர் ஐகாரம் பெற்று விலையானது போல ஆல் ஆலையாயிற்று. சுழன்று அரற்றும் பொறிக்கு வேறு எந்த வேர் இவ்வளவு பொருந்தும்? கன்னடத்தைப் பாருங்கள்: பொறி ‘ஆலெ’, அது நிற்கும் கொட்டகை ‘ஆலெமனெ’. ஆலெ என்பதே கூடத்தின் பெயரென்றால் ‘மனெ’ எதற்கு?  

ஆலையில் விளைந்தவற்றின் பெயர்களோ ஊர் சுற்றியவை. சர்க்கரை வடமொழி; சீனி சீனத்தைச் சுட்டுவது. வெள்ளைச் சர்க்கரையை நம் பாட்டிகள் ‘அஸ்கா’ என்றார்கள். அது அன்றைய சென்னை மாகாணத்துக் கஞ்சம் மாவட்டத்தில், இன்றைய ஒடிசாவில், ஆலை இருந்த ஊரின் பெயர்.

கரும்பை இந்நாட்டுக்குக் கொணர்ந்தவர்கள் அதியமானின் முன்னோர் என்று ஔவை பாடினார். அதியமான் ஆண்ட தகடூர் மண்ணில் பாலக்கோட்டிலும் கோபாலபுரத்திலும் இன்றைக்குக் கூட்டுறவு ஆலைகள் உண்டு. மழை பொய்த்தால் அரவைக்குக் கரும்பு போதாது. வெட்டு உத்தரவு தாமதமானால் கரும்பு காய்ந்து எடை குறையும். நட்டம் உழவன் தலையில். 1912-இல் தொடங்கிய கோவைக் கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் ஆய்வாளர்கள் பார்பரும் வெங்கட்ராமனும் நாணல் இனத்துக் காட்டுக்கரும்பை பயிரிடும் கரும்போடு கலந்து, வறட்சியைத் தாங்கும் இனங்களுக்கு வழி திறந்தார்கள். ரகம் மட்டும் கரும்பைக் காப்பாற்றாது. ஏறக்குறைய ஓராண்டு நிலத்தில் நிற்கும் பயிர் இது. நீர் தட்டும் ஊரில் வாய்க்கால் பாய்ச்சலை விட்டுச் சொட்டுநீருக்கு மாறுவது ஆலைக்கும் நல்லது. சக்கை கூட வீணாவதில்லை: மின்சாரமாகிறது, புகளூரில் காகிதமாகிறது. கரும்பாலை தந்த பெயரைச் சுமக்கும் காகித ஆலை, மூலப்பொருளையும் அதனிடமே பெற்றது!

அகராதி தொகுப்போர் ஆலைக்கு முதற்பொருளாகக் கரும்பு பிழியும் பொறியையே போட வேண்டும். தொழிற்கூடம் என்பது வழிப்பொருள். வேர் ஆலு. இதில் எனக்கு ஐயமில்லை.