கெற்றிஸ்பேர்க் போரும் ஊர் மக்களும்

போர் என்றதும் நாம் படைத்தலைவரையே நினைக்கின்றோம். போர் நிகழ்ந்த ஊரை நினைப்பதில்லை. அமெரிக்க உள்நாட்டுப் போரிலே, அடிமைமுறையைக் காக்கப் பிரிந்துபோன தென்மாநிலங்களின் படையும் வடபடையும் 1863 யூலை 1 முதல் 3 வரை பென்சில்வேனியாவிலுள்ள கெற்றிஸ்பேர்க்கிற் பொருதின. இறந்தோரும் காயமுற்றோரும் காணாமற்போனோரும் ஏறக்குறைய 50,000 பேர். ஊரின் குடித்தொகையோ சுமார் 2,400. தேவாலயங்களும் பாடசாலைகளும் வீடுகளும் வைத்தியசாலைகளாயின. ரொட்டிக்கு மாப் பிசைந்துகொண்டிருந்த ஜெனி வேட் என்னும் இளம்பெண் குண்டுபட்டு மாண்டாள்.

எல்லாரிலும் பெருந்துன்பம் எய்தியோர் அங்கு சுதந்திரராய் வாழ்ந்த கறுப்பின மக்களே. தென்படையினர் அப்பகுதியிற் கறுப்பினத்தவரைப் பிடித்து, அடிமைகளாக்கத் தெற்கே கொண்டுசென்றனர். அதற்கஞ்சி ஊரைவிட்டு ஓடியோருட் பலர் மீளவேயில்லை. மீண்டு வந்த பசில் பிக்ஸ் என்னும் உழவர், தம் பொருளும் பயிரும் அழிந்துகிடக்கக் கண்டார். ஆயினும் அவரும் அவர் குழுவினருமே வடபடை வீரரின் உடல்களைத் தோண்டியெடுத்துத் தேசிய மயானத்துக்கு மாற்றும் பணியிற் பாடுபட்டனர்.

அம்மயானத்திலேதான் 1863 நவம்பர் 19இல் லிங்கன் தம் புகழ்பெற்ற உரையை ஆற்றினார். அவ்வுரையை நாம் கல்லூரியில் மனனஞ் செய்தோம். பிக்ஸின் பெயரை அங்கு கேட்டதில்லை. சரித்திரம் கற்கும் நாம், வென்றவர் யார் என்று வினவுமுன், அவ்வூரார் என்னவாயினர் என்று வினவுவோமாக.